அப்பாவின் பெயர் அப்பாவிடமே இருக்கட்டும்

மதுரைப் பக்கத்தில் அப்பாவும் மகனும் ஒரே பெயரோடு ஒரு வீட்டில் இருப்பது அரிது. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், பெண்பிள்ளைகளுக்குப் பாட்டிமார் பெயர் என்பதுதான் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களில் நெடுங்காலம் நின்ற வழக்கம். அப்பா இறந்த பிறகு பிறக்கும் பிள்ளைக்கு மட்டும் அப்பா பெயரையே வைப்பதுண்டு. மற்றபடி உயிரோடு இருக்கும் தகப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் எளியது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லாத ஊரில், அதே பெயரைச் சொல்லி எப்படிப் பிள்ளையைக் கூப்பிடுவது, எப்படித் திட்டுவது? மாமனார் பெயரையும் சொல்ல முடியாதுதான். அதனால்தான் தாத்தா பெயர் வைத்த பையனை அம்மா அய்யா என்றும், சாமி என்றும், அப்பு என்றும் கூப்பிட்டுச் சமாளித்தாள். இப்படி ஒரு தலைமுறை இடைவெளி விட்டுப் பெயரைப் பாதுகாத்த ஊரில், அப்பா பெயரைக் கொண்டுபோய் மகன் தலையில் கட்டும் வேலையை இன்று விண்ணப்பப் படிவங்கள் செய்துகொண்டிருக்கின்றன. முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் போட்ட படிவம், குடும்பப் பெயரே இல்லாத ஒரு சமூகத்திடம் மூன்றாவது கட்டத்தையும் நிரப்பச் சொல்கிறது. நம் ஆட்களும் அதில் அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஒருவரின் பெயருக்கு ஒரு கட்டம், பெற்றவர் பெயருக்குத் தனியாக ஒரு கட்டம் என்று எல்லா ஆவணங்களையும் மாற்ற வேண்டும், அதைத் தமிழ்நாடு அரசு தன் கையில் இருக்கும் ஆவணங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

சிக்கல் எங்கே வருகிறது என்பதைப் பார்க்க ஒரு கற்பனைக் குடும்பம் போதும். தாத்தா கருப்பையா. அவர் மகன் முத்து. முத்துவின் மகனுக்குப் பத்து வயது. வழக்கப்படி தாத்தா பெயர், கருப்பையா. ஊருக்குள் அப்பா கே. முத்து, மகன் எம். கருப்பையா. யாருக்கும் குழப்பமில்லை. முத்து பான் கார்டு வாங்கப் போகிறார். அங்கே இனிஷியலைப் போட விடமாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் கருப்பையா, முதல் பெயர்க் கட்டத்தில் முத்து என்று எழுதுகிறார். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து, வைத்திருப்பவரின் குடும்பப் பெயருடைய முதல் எழுத்து. ஆக முத்துவின் எண்ணில் ஐந்தாவதாக நிற்பது ‘எம்’ இல்லை, அவர் அப்பாவின் ‘கே’. அடுத்து மகனுக்கு வங்கியில் மைனர் கணக்கு. அங்கும் இனிஷியலை விரிக்கச் சொல்கிறார்கள். மகன் ‘கருப்பையா முத்து’ ஆகிறான். காப்பாளர் என்ற இடத்தில் அப்பா ‘முத்து கருப்பையா’. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இரண்டு சொற்கள், முன்பின்னாக. ஒரே கதவு எண், ஒரே தெரு, பையனுக்கும் அப்பாவின் செல்போன் எண்தான். பெயர்களை ஒப்பிடும் மென்பொருள்கள் பலவும் சொற்களின் வரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆட்கள் முன்பின்னாக எழுதுவது வழக்கம் என்பதால் அப்படித்தான் அமைத்தாக வேண்டும். அந்தக் கண்ணுக்கு இந்த இருவரும் ஒருவரே. பிறந்த தேதி ஒன்றுதான் அப்பனையும் பிள்ளையையும் பிரித்துக் காட்டுகிறது.

தாத்தா பெயர் வைக்காத குடும்பங்களில் இந்தத் தலைகீழ்ச் சிக்கல் வராது. ஆனால் வேறொன்று வரும். அப்பா கார்த்திக் முத்து, அம்மாவின் பெயரோடு அவள் அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், பிள்ளை ரித்விக் கார்த்திக் என்று ஒரே குடும்பத்துக்கு மூன்று ‘குடும்பப் பெயர்’. பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் விரித்த பெயர், பானில் தலைகீழான பெயர் என்று ஒரே ஆள் மூன்று ஆளாவதும் உண்டு. பானையும் ஆதாரையும் இணைக்க 2023 ஜூன் 30 கடைசி நாள் என்றும், பிந்தியவர்கள் 1,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் மத்திய அரசு கெடு வைத்தபோது, தமிழ்நாட்டில் இ-சேவை மையங்களின் வாசலில் நின்றவர்களில் பலருடைய குறை இனிஷியல்தான். வருங்கால வைப்பு நிதி எடுக்கப் போனாலும் அதே கதை. நோட்டரியிடம் இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், அதுவும் போதாதென்றால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு. பெயரே மாறாத ஒருவர் பெயர் மாற்றத்துக்குப் பணம் கட்டுகிறார்.

இதற்கு மக்கள்தான் பொறுப்பு, குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத தமிழர்கள் உலகத்தோடு ஒட்டவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை மேலூர் பக்கம் கிடாரிப்பட்டிக்குப் போய், அழகர்மலைக் குகைத் தளத்துக் கல்வெட்டுகளைப் பார்த்து வரலாம். சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த வணிகர்களும் கைவினைஞர்களும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தமிழ்-பிராமி எழுத்தில் அங்கே தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். உப்பு வணிகன் இருக்கிறான், கொழு வணிகன் இருக்கிறான், மதுரைப் பொன்கொல்லன் ஒருவனும் இருக்கிறான். அந்தப் பொன்கொல்லனின் பெயரை அறிஞர்கள் ஆதன் ஆதன் என்று படிக்கிறார்கள். அப்பன் பெயரை முன்னால் வைத்து மகன் பெயரைப் பின்னால் வைப்பது அன்றைய வழக்கம் என்பதால், ஆதன் மகன் ஆதன் என்று கொள்ள இடமிருக்கிறது. அப்படியானால் அப்பனும் மகனும் ஒரே பெயர் கொண்டதற்கு மதுரையின் மிகப் பழைய சாட்சிகளில் இது ஒன்று. கவனிக்க வேண்டியது, கல் வெட்டியவன் ஒரு ஆதனோடு நிறுத்தவில்லை என்பதை. சொந்தப் பெயருக்கு ஒரு இடம், அப்பன் பெயருக்கு ஒரு இடம் என்று இரண்டு இடம் இருந்ததால் இரண்டு முறை வெட்டினான்.

கரூர் பக்கம் புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு இன்னும் தெளிவானது. மூன்று தலைமுறைச் சேரர்களை அது வரிசையாகச் சொல்கிறது: ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. நடுவில் இருப்பவனும் கடைசியில் இருப்பவனும் தகப்பனும் பிள்ளையும். இருவர் பெயரும் கடுங்கோ. பெரு, இள என்ற இரண்டு அடைகள் போதுமானதாக இருந்தன. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பெரியகருப்பன், சின்னக்கருப்பன், பெரியபாண்டி, சின்னப்பாண்டி என்று இன்றும் கூப்பிடுகிறோமே, அந்த ஏற்பாட்டுக்கு வயது இவ்வளவு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று சங்கப் புலவரை ஏட்டில் எழுதி வைத்தவர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். அப்பன் பெயரும் மகன் பெயரும் சேரும்போது எழுத்து எப்படி மாறும் என்பதற்குத் தொல்காப்பியம் தனி விதியே வைத்திருக்கிறது. சாத்தன் மகன் கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான். இலக்கணம் விதி எழுதும் அளவுக்கு ஊன்றிய வழக்கத்தை, இனிஷியல் என்ற ஆங்கிலப் பெயர் இருப்பதால் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுருக்கி எழுதும் பழக்கம்தான் அச்சும் ஆங்கிலப் பள்ளிக்கூடமும் தந்தது.

இப்போது இணையத்தில் சிட்டா எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பெயர் என்ற தலைப்பின் கீழே, ஒருவர் பெயர், மகன் என்ற சொல், அடுத்தவர் பெயர். கருப்பையா மகன் முத்து. புகழூர் மலையில் பொறித்த அதே அமைப்பு, அதே சொல். வாக்காளர் பட்டியலும் இந்த வகையில் உருப்படியானது. பெயர் ஒரு வரி, தந்தை அல்லது கணவர் பெயர் அடுத்த வரி, பிறகு வீட்டு எண், வயது, பாலினம். ஒரு பக்கத்தில் முத்து, தந்தை பெயர் கருப்பையா, வயது 52 என்றும், அடுத்த கட்டத்தில் கருப்பையா, தந்தை பெயர் முத்து, வயது 24 என்றும் இருந்தால் எந்த வாக்குச்சாவடி அலுவலரும் தடுமாற மாட்டார். நிலத்துக்கும் ஓட்டுக்கும் பொருந்துகிற முறை வரிக்கும் வங்கிக்கும் ஏன் பொருந்தாது என்ற கேள்விக்கு, படிவத்தை வேறு ஊர்ப் பழக்கத்தைப் பார்த்து அச்சடித்துவிட்டோம் என்பதைத் தவிர எனக்குப் பதில் தெரியவில்லை.

தாத்தா பெயர் வழக்கம் எளிய குடும்பங்களோடு நின்றதுமில்லை. பாண்டியர்களில் வரகுணன் மகன் சீமாறன் சீவல்லபன், அவன் மகன் மறுபடி வரகுணன். மதுரை நாயக்கர்களில் கிருஷ்ணப்பர், வீரப்பர், கிருஷ்ணப்பர் என்று ஒரு வரிசை. பின்னால் 1659-இல் சில மாதங்கள் மட்டும் ஆண்ட முத்துவீரப்பர், அவர் மகன் சொக்கநாதர், அவர் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர், அவர் மகன் விஜயரங்க சொக்கநாதர் என்று இன்னொரு வரிசை. கடைசியில் சொன்னவர் தகப்பன் இறந்த பிறகு பிறந்தவர். பெயரில் அப்பாவின் ரங்கமும் இருக்கிறது, தாத்தாவின் சொக்கநாதமும் இருக்கிறது. அவரை வளர்த்து ஆளாக்கிய பாட்டி ராணி மங்கம்மாள், தன் கணவர் பெயரைத் தாங்கிய பேரனை என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ! நம் காலத்துக்கு வந்தால், மதுரையில் ராஜா முத்தையா மன்றம் யார் பெயரால் நிற்கிறதோ அவர் எம்.ஏ. முத்தையா, அந்த எழுத்துகளில் ஏ என்பது அவர் அப்பா அண்ணாமலை, எம் என்பது தாத்தா முத்தையா. நகரத்தார் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளை அடுக்கினால் ஒரு வம்ச வரிசையே கிடைத்துவிடும். 1936-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த பி.டி. ராஜன் பொன்னம்பல தியாகராஜன். அவர் மகன், சட்டப்பேரவைத் தலைவராக இருந்த பி.டி.ஆர். பழனிவேல்ராஜன். பேரன், மதுரை மத்தியத் தொகுதியில் 2016-லும் 2021-லும் வென்ற பழனிவேல் தியாகராஜன். முன்னால் நிற்பது அப்பா பெயர், பின்னால் நிற்பது தாத்தா பெயர். அப்பாவின் பெயருக்கு முன்னால் நின்ற பி.டி.ஆர். என்ற மூன்றெழுத்து, மகனுக்குக் கிட்டத்தட்ட பெயராகவே ஆகிவிட்டது. படிவம் எதுவும் இல்லாமல் ஊரே செய்த வேலை அது, அதில் யாரும் நஷ்டப்படவில்லை.

நான் சொல்லும் முறைக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் இந்த வரிசைகளுக்குள்ளேயே இருக்கிறது. தாத்தா பெயர் வழக்கத்தைப் பிசகாமல் கடைப்பிடித்தால், தாத்தா முத்து மகன் கருப்பையா, பேரனும் முத்து மகன் கருப்பையா. அப்பா பெயரைத் தனிக் கட்டத்தில் எழுதினாலும் இருவரையும் பிரிக்க முடியாது. வரலாற்றாசிரியர்கள் முதலாம் வரகுணன், இரண்டாம் வரகுணன் என்று எண் போட்டுத்தான் சமாளிக்கிறார்கள். பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலையில் கி.பி. 870-க்குச் சமமான சக ஆண்டு குறித்த கல்வெட்டு கிடைத்திராவிட்டால் இரண்டாமவன் பட்டமேறிய ஆண்டை உறுதியாகச் சொல்வது கடினம். சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்று மட்டும் இருக்கும் கல்வெட்டு எந்தச் சுந்தரபாண்டியனுடையது என்று கண்டுபிடிக்கக் கல்வெட்டு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பாகப்பிரிவினை வழக்குகளிலும் பட்டாவில் இருப்பது தாத்தாவா பேரனா என்ற கேள்வி வரத்தான் செய்யும். இந்தக் குறையை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இது 50, 60 ஆண்டு இடைவெளியில் வருகிற குழப்பம். ஆவணத்தில் தேதி இருந்தால் தீர்ந்துவிடும், இன்றைய ஆவணங்கள் அனைத்திலும் தேதி இருக்கிறது. படிவம் உண்டாக்கும் குழப்பமோ ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே பாஸ்புக்கில் உயிரோடு இருக்கும் இரண்டு பேருக்கு இடையே. குடும்பப் பெயர்க் கட்டம் தாத்தா-பேரன் குழப்பத்தையும் தீர்ப்பதில்லை. பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது, அவ்வளவே.

அடுத்த மறுப்பு, உலகம் முழுக்கக் குடும்பப் பெயர் கேட்கிறது, பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் அதில்தான் ஓடுகின்றன என்பது. பாதி உண்மை. பயண ஆவணங்களுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் ஐ.நா. சார்ந்த சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே, பெயரை இரண்டாகப் பிரிக்க முடியாவிட்டால் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதலாம் என்று அனுமதிக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயரை வெற்றாக விட்டுத் தாராளமாக வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். நடைமுறையில் இடறல் வருகிறது என்பது மறுப்பதற்கில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்கள் இல்லை என்று அறிவித்தபோது மதுரையிலிருந்து துபாய் போக இருந்தவர்களுக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் சில நாளிலேயே, பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அதாவது பிரச்சினையைத் தீர்த்தது, அப்பா பெயர் அப்பா பெயராகவே தனி இடத்தில் இருந்ததுதான்.

வெளிநாடுகளில் இதற்கு முன்மாதிரி இல்லாமலுமில்லை. மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ என்று இருக்கும். இன்னாரின் மகன் என்பதன் மலாய்ச் சுருக்கம். பெண்களுக்கு ‘ஏ/பி’. சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, மலாய்க்காரர்களுக்கு இல்லை, தமிழர்களுக்கும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு அரசு இயங்குகிறது. விமானம் ஏற முடியாமல் யாரும் நின்றுவிடவில்லை. ஐரோப்பாவிலேயே ஐஸ்லாந்து, அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்ளும் நாடு. புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்வதை 1925-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். தொலைபேசிப் புத்தகத்தைச் சொந்தப் பெயர் வரிசையில் அச்சடித்தார்கள். நமக்கு என்ன ஆனது? சதுரங்கத்தில் உலக சாம்பியனாக இருந்த ஆனந்தை அவர் அப்பா பெயரால் விஸ்வநாதன் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுத, அதையே சுருக்கி விஷி என்று செல்லப்பெயரும் வைத்துவிட்டார்கள். அதற்கு நேர்மாறான உதாரணம் சர் சி.வி. ராமனின் குடும்பம். ராமனின் இனிஷியலில் வரும் சந்திரசேகர் அவருடைய அப்பா. ராமனின் அண்ணன் மகனுக்கு அந்தத் தாத்தா பெயரையே வைத்தார்கள். அவர்தான் 1983-இல் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர். அப்பா பெயர் முன்னால் நின்றதால் உலகம் அவரைச் சொந்தப் பெயரால் அழைத்தது, விண்மீன்களின் நிறை வரம்புக்கும் சந்திரசேகர் எல்லை என்று பெயர் வந்தது. கட்டத்தில் எழுதும் வரிசை மாறியிருந்தால் அது சுப்பிரமணியன் எல்லை என்று அவர் அப்பா பெயரில் போயிருக்கும்.

அப்பா பெயரை இவ்வளவு தூக்கிப் பிடிப்பது ஆணாதிக்கம் இல்லையா என்று ஒரு கேள்வி எழும், எழ வேண்டியதுதான். பெற்றவர் பெயருக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கட்டத்தில் அம்மா பெயரை எழுதலாம், இருவர் பெயரையும் எழுதலாம். பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று பாஸ்போர்ட் விதி 2016 டிசம்பரில் மாறியது. தனியாக வளர்க்கும் தாயின் பிள்ளைகளுக்குப் பானில் அப்பா பெயர் கட்டாயமில்லை என்று 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கட்டம் தனியாக இருந்ததால்தான் இவ்வளவு சுலபமாக மாற்ற முடிந்தது. பெயரோடு ஒட்டிய குடும்பப் பெயரை அப்படி மாற்ற முடியாது. அது அப்பா வழியில் மட்டுமே இறங்கும், கல்யாணமானால் பெண்ணுக்கு மாறும். இனிஷியல் இந்த விஷயத்தில் எப்போதுமே நெகிழ்வானது. மதுரை தந்த இரண்டு குரல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் எம் என்பது மதுரை, எஸ் என்பது வீணைக் கலைஞரான அம்மா சண்முகவடிவு. டி.எம். சௌந்தரராஜனின் எம் என்பது அப்பா மீனாட்சி அய்யங்கார், டி என்பது சௌராஷ்டிரர்களின் குடும்பப் பெயரான தொகுளுவா. குடும்பப் பெயர் உள்ளவரே அதை ஓர் எழுத்தில் சுருக்கி ஓரமாக வைத்துவிட்டு, சௌந்தரராஜன் என்ற சொந்தப் பெயரால் வாழ்ந்தார். ஊர், அம்மா, அப்பா, குடும்பம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்து, ஆளை மட்டும் நடுவில் நிறுத்துவது இந்த முறை.

குடும்பப் பெயர்க் கட்டத்தில் எனக்கிருக்கும் பெரிய அச்சம் சாதி. தமிழ்நாட்டில் பெயரின் வால் சும்மா போகவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அன்றைய மதுரை மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த சௌந்தரபாண்டியன். தன் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தை எடுத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறை அந்த இடத்தை வெற்றாக வைத்திருந்தது. பெயரைக் கேட்டால் சாதி தெரியாத நிலை இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு வரவில்லை. அந்த வெற்றிடத்தைக் காட்டி ‘இதை நிரப்புக’ என்று நட்சத்திரக் குறி போட்டுக் கேட்கிறது கணினிப் படிவம். அப்பா பெயரை எழுத விருப்பமில்லாதவர் வேறு எதை எழுதுவார்? வட மாநிலங்களில் வேலைக்குப் போன இளைஞர்கள் சிலர் தாத்தா காலத்தில் விட்ட பட்டத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதைச் சமூக ஊடகங்களில் பார்க்கலாம். எல்லாரும் படிவத்தால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு சாக்கைப் படிவம் தருகிறது என்பது மட்டும் நிச்சயம்.

ஆதார் எண் இருக்கும்போது பெயர் எப்படி இருந்தால் என்ன என்பார்கள். பெயர் முக்கியமில்லை என்றால் ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக வைப்பு நிதி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது ஏன்? எண்ணை நம்பும் அலுவலகம் பெயரையும் பொருத்திப் பார்க்கத்தான் செய்கிறது. இனிஷியல் தெளிவற்றது, கே என்றால் கருப்பையாவா கண்ணனா என்று கேட்டால், அது நியாயம். அதனால்தான் பெற்றவர் பெயரைத் தனிக் கட்டத்தில் முழுசாக எழுதச் சொல்கிறேன். அன்றாடப் புழக்கத்துக்கு இனிஷியல், ஆவணத்துக்கு முழுப் பெயர்.

தமிழ்நாடு அரசு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெயரோடு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை போட்டார்கள். நல்லது. எந்த எழுத்தில் எழுதுவது என்று யோசித்த அரசு, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதையும் யோசித்திருக்க வேண்டும். 2023-இல் திருத்திய பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் எப்படிப் பதிவாகிறதோ அதுதான் ஆயுளுக்கும். பிள்ளையின் பெயரைப் பதிய வரும் பெற்றோரிடம், அப்பா பெயரைச் சேர்த்து விரித்து எழுதாதீர்கள், அதற்குத் தனி இடம் இருக்கிறது என்று மாநகராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடத்திலும் ஒரு வரி எழுதி ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் சொந்தப் பெயர், பெற்றோர் பெயர், இனிஷியல் மூன்றும் பிரிந்து இருக்க வேண்டும். மாநில அரசின் இணையதளங்கள் எதிலும் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. பான், வங்கி, வைப்பு நிதி ஆகியவை மத்திய அரசின் கையில் இருப்பவை. அங்கே நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். கேரளத்திலும் கர்நாடகத்திலும் இதே இனிஷியல் சிக்கல் இருப்பதால் துணைக்கு ஆள் கிடைக்கும். இனிஷியலை விரித்தபோது எது சொந்தப் பெயர், எது பெற்றவர் பெயர் என்று கணினிக்குச் சொல்ல ஒரே ஒரு குறி போதும். மலேசியாக்காரர்கள் அதை ஒரு சாய்கோட்டில் முடித்துவிட்டார்கள். நம் வருவாய்த் துறையோ ‘மகன்’ என்ற ஒரு சொல்லைப் பட்டாவில் இன்றைக்கும் அச்சடித்துக்கொண்டிருக்கிறது.